கர்ப்ப காலத்தில் வலிப்புக் குளிசையா, மூலிகையா? பிள்ளையின் மூளைக்கு எது பாதுகாப்பு?

உப்புவெளியான்:
திருகோணமலைப் பக்கம் ஒரு பேச்சு ஓடுது: வலிப்புக் குளிசை வயிற்றுப் பிள்ளையின்ர மூளையைக் கெடுக்கும், கர்ப்பம் என்று தெரிஞ்ச உடனே நிப்பாட்டிப்போட்டு வல்லாரை, நீர்ப்பிரமி மூலிகைகளுக்கு மாறவேணும் என்று. தெரிஞ்சவை சொல்லுங்கோ.

சித்தவழி:
குளிசையைப் பற்றின பயம் வீண்பயம் இல்லை. வல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுத்த தாய்மாரின்ர பிள்ளைகளில நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிறவிக் குறைபாடு, 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, நடத்தையில பின்னடைவு. 2013 இல வந்த அமெரிக்க-பிரித்தானிய ஆய்வில ஆறு வயதுப் பிள்ளைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு (IQ), தாய் எடுத்த வலிப்பு மருந்தின்படி, லாமோட்ரிஜினுக்கு 108, கார்பமசெபினுக்கு 105, வல்ப்ரோயேட்டுக்கு 97. வல்லாரை நெய் தலைமுறை தலைமுறையாப் பாவிச்ச மருந்து. இரண்டில எதைக் கொடுப்பீங்கள்?

குளிசைக்கணக்கு:
ஐயா, இலக்கம் சரி, முடிவு பிழை. பிள்ளையின்ர மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் உருவாகிற நரம்புக்குழாய் மூடுறது கருத்தரிச்சு 28 நாளுக்குள்ள. மாதவிடாய் தள்ளிப்போய், கிளினிக்கில பதியேக்குள்ள அது முடிஞ்சிடும். அன்றைக்கு நிப்பாட்டினா அந்தச் சேதம் திரும்பாது, வலிப்புத்தான் திரும்பும். விழுந்து அடிபட்டா, பிள்ளைக்கு ஊட்டம் குடுக்கிற நச்சுக்கொடி கருப்பையில இருந்து கழன்றுபோகலாம். நீண்ட வலிப்பில தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும். தாய் சாகவும் கூடும்.

சித்தவழி:
நரம்புக்குழாய் மூடினதோட மூளை வளர்ந்து முடியுதோ? ஒன்பது மாதமும் வளருது. பிறகும் அதே மருந்தை அதே அளவில ஓட்டுறது என்ன நியாயம்?

குளிசைக்கணக்கு:
அந்தக் கேள்வி சரி. வல்ப்ரோயேட்டின்ர கேடு அளவோட கூடுது, அதால நரம்பியல் வைத்தியர் குறைப்பார் அல்லது மாத்துவார். ஆனா மாத்துறது ஒரு கிழமை வேலையில்லை. வல்ப்ரோயேட் உடம்பில இருக்கேக்குள்ள லாமோட்ரிஜின் உடம்பை விட்டு வெளியேறுற வேகம் பாதியாகும். அதனால 25 மி.கி. ஒன்றுவிட்ட ஒரு நாள், இரண்டு கிழமை. பிறகு தினமும் 25, இன்னும் இரண்டு கிழமை. அவசரப்பட்டா தோல் கொப்பளிச்சு உரியிற ஆபத்தான ஒவ்வாமை வரலாம். ஆகவே மாத்துறது கர்ப்பத்துக்கு மாதங்கள் முந்தி.

மூலிகைக்கும் கணக்கு இருக்கு. மிளகு, திப்பிலியில உள்ள பைப்பரின், பெனிடோயின் என்ற வலிப்பு மருந்தின்ர அளவை இரத்தத்தில கூட்டும். சங்குபுஷ்பி என்ற மூலிகை சேர்த்த மருந்து எலிகளில அந்த அளவைக் குறைச்சு, வலிப்பைத் தடுக்கிற பலனையும் குறைச்சது. வல்லாரை நெய் குடிச்ச தாயின் பிள்ளையை ஆறு வயது வரைக்கும் அளந்த ஆய்வு எங்க?

சித்தவழி:
அப்படி ஆய்வு செய்யவேணும் என்றதில எனக்கு மறுப்பில்லை. ஆனா மூலிகையையும், உலோகம், தாதுவைப் புடம்போட்டுச் செய்யிற பற்பம், செந்தூரத்தையும் ஒரே கூடைக்குள்ள போடாதீங்கோ. 2011-2012 இல நியூயோர்க்கில ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈயம் ஏறினது ஆயுர்வேதக் குளிசையால. ஈயம் நச்சுக்கொடியைத் தாண்டும், பிள்ளையின்ர மூளையை நிரந்தரமாக் கெடுக்கும். கர்ப்பிணிக்கு அந்த வகை கொடுக்கவே கூடாது. வசம்பும் வேண்டாம், அதில உள்ள பீட்டா அசரோன் நஞ்சு.

குடும்பநலப்பணி:
இரண்டு பேரும் கர்ப்பம் வந்தபிறகு நடக்கிறதையே பேசுறீங்கள். போலிக் அமிலம் கருத்தரிக்க முந்தியே தொடங்கவேணும், வலிப்பு மருந்து எடுக்கிறவைக்கு வழக்கமா 5 மி.கி. வைத்தியர் எழுதுவார். லாமோட்ரிஜின் கர்ப்பத்தில இரத்தத்தில இறங்கும், அதால அளவைக் கூட்டுவினம். பிரசவமானதும் திரும்பக் குறைக்காட்டித் தலை சுத்தி, இரட்டையாத் தெரியும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விழலாம். தாய்ப்பால் பெரும்பாலும் கொடுக்கலாம்.

உப்புவெளியான்:
நன்றி அக்கா. அப்ப திட்டமிடும் வரைக்கும் கருத்தடைக் குளிசை போதுமோ?

குடும்பநலப்பணி:
கார்பமசெபின், பெனிடோயின் எடுத்தா அது பலனில்லாமல் போகலாம், கையில தோலுக்கடியில வைக்கிற கருத்தடைக் குச்சியும் அப்படித்தான். கருப்பைக்குள்ள வைக்கிற லூப் அல்லது மூன்று மாதக் கருத்தடை ஊசி கேளுங்கோ. லாமோட்ரிஜின் என்றால் மறுபக்கம்: ஈஸ்ட்ரோஜன் கலந்த குளிசை மருந்தின்ர அளவை இறக்கி வலிப்பைக் கொண்டுவரும்.