ஐப்டேசியாவை ஒழித்த அனுபவம்: சுண்ணாம்பு, இறால், கடைசியில் பெர்கியா

கடல்நீர்த் தொட்டிப் பாறையில் ஐப்டேசியா, அதாவது களை மாதிரிப் பெருகி பக்கத்துப் பவளத்தைக் கொட்டும் குட்டிக் கடல் அனிமோன், கண்ணில் பட்டால் சுரண்டாதீர்கள். கத்தியும் வேண்டாம், பல் துலக்கும் பிரஷ்ஷும் வேண்டாம், யார் சொன்னாலும் வேண்டாம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் நண்பர் ஒருவர், தொட்டியில் ஏழெட்டு அனிமோன்கள் தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, தண்ணீரையும் மாற்றினார். பாறை பளிச்சென்று இருந்தது. அடுத்த மாதம் அவர் வீட்டுக்குப் போனால் பாறை, மணல், தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, பம்பின் மூடி என்று பார்த்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டியாக முளைத்திருந்தன. பாவம், மனிதர் தொட்டியையே கலைத்துவிடலாமா என்று கேட்டார்.

ஐப்டேசியாவின் அடிப்பாதத்திலிருந்து பிய்ந்து விழும் ஒரு பொட்டுத் தசை போதும், அது தனி அனிமோனாக வளர்ந்துவிடும். நாம் சுரண்டாவிட்டாலும், இடம் மாறும்போது அதுவே துணுக்குகளை விட்டுவிட்டுத்தான் நகரும். பவளத்தைப் போலவே அதன் உடம்புக்குள்ளும் நுண்பாசி இருப்பதால் தீனியே போடாவிட்டாலும் விளக்கு வெளிச்சத்தில் பிழைத்துக்கொள்ளும், வெளிச்சம் இல்லாத சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) என்றால் வெளுத்துப்போய், மிதந்து வரும் தீனித் துணுக்குகளைப் பிடித்துத் தின்றே காலத்தை ஓட்டும். பவளமும் பாசியும் சேர்ந்து வாழ்வதைப் படிக்கும் விஞ்ஞானிகள் இதை ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள், 2015-இல் இதன் மரபணுத்தொகுதியையே வெளியிட்டார்கள். வளர்ப்பது அவ்வளவு சுலபம் என்பதும் ஒரு காரணம்.

என்னுடையது ஈசூன் வீட்டு ஹாலில் இருக்கும் மூன்றடி ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் தொட்டி, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் போட்டு 26 டிகிரியில் ஓடுகிறது. ஸோவா என்னும் பவள வகையில் நான் வாங்கிய ஒரு ஃபிராக்கின் (சின்னத் துண்டின்) அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஐப்டேசியா உள்ளே வந்தது. எனக்குக் காட்டிக்கொடுத்தது ஹேமர் பவளம்தான். ஒரு பக்கம் நன்றாக விரிந்திருக்க, இன்னொரு பக்கம் மட்டும் நாள் முழுக்கச் சுருங்கியே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பாறையின் விரிசலிலிருந்து கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் நீளமான தண்டு, நுனி கூர்ந்த மெல்லிய கைகள். குச்சியால் லேசாகத் தொட்டதும் சட்டென்று ஓட்டைக்குள் போய்விட்டது. அது அசல் ஐப்டேசியா. தண்டு குட்டையாக, கைகளின் நுனி உருண்டு பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அது மஜானோ என்னும் வேறு அனிமோன், அதற்கு வைத்தியம் வேறு. இதைப் பார்க்காமலே காசைக் கொட்டுகிறவர்கள் நிறைய பேர்.

முதலில் கால்க். கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். ஆனால் கடையில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பில் நிறமோ வாசனையோ கலந்திருக்கலாம், அதனால் தொட்டிக்கென்று விற்கும் பொடியையே வாங்குங்கள். ஆர்ஓ தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதத்தில் குழைத்து, முனை மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பம்புகளையும் நிறுத்த வேண்டும், ஓட்டம் இருந்தால் பொடி பறந்து பக்கத்துப் பவளத்தின் மேல் விழும். பக்கவாட்டிலிருந்து மெதுவாக, நிழல் விழாமல் கிட்டே போய், நடுவில் இருக்கும் வாயின் மேல் ஒரு சொட்டு. தீனி என்று நினைத்து அது கைகளை மடக்கி உள்ளே இழுத்தால் காரியம் முடிந்தது. பயந்து சுருங்கிவிட்டால் அந்த ஓட்டையையே மாவால் மூடிவிடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். சுண்ணாம்பு கரைந்த தண்ணீரின் பிஹெச் 12-க்கு மேல் போகும், அதனால் சின்னத் தொட்டியில் ஒரே நாளில் பத்துப் பதினைந்தை அடிக்கக் கூடாது, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று போதும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை. கடையில் கிடைக்கும் ஐப்டேசியா-எக்ஸும் இதே மாதிரிதான், கைக்குச் சுலபம், விலைதான் அதிகம்.

நாலைந்து மட்டும் இருந்து, எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் கால்க்கே போதும். எனக்குப் போதவில்லை. பாறைக்குப் பின்னால் இருப்பதை யார் எட்டுவது?

அடுத்து பெப்பர்மின்ட் இறால். இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடைத் தொட்டிகளில் கேமல் இறாலும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், பெயர் மாறிப்போவதும் உண்டு. பெப்பர்மின்ட் என்றால் உடம்பு ஊடுருவித் தெரியும், மெல்லிய சிவப்புக் கோடுகள் இருக்கும். கேமல் இறாலுக்கு முதுகில் கூன், பெரிய கண், சிவப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடும் புள்ளியும். அது ஸோவாவைத் தின்னும், ஐப்டேசியாவைத் திரும்பியும் பார்க்காது. சரியான இறாலே கிடைத்தாலும், மீனுக்குப் போடும் தீனி அதற்கும் கிடைத்துக்கொண்டே இருந்தால் அனிமோனைத் தொடாது, பசி இருந்தால்தான் தொடும். என் இறால்கள் குட்டி அனிமோன்களைக் காலி செய்தன, பெரியவற்றைச் சுற்றிப் போய்விட்டன.

மீன் விடும் வழியும் இருக்கிறது. காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை நம் பூலாவ் ஹந்து தீவுப் பக்கம் டைவிங் போகிறவர்கள் சாதாரணமாகப் பார்க்கும் மீன், நீண்ட மூக்கால் விரிசலுக்குள்ளிருந்து கொத்தி எடுக்கும். ஆனால் அதற்குப் பெரிய தொட்டி வேண்டும், வாங்கி வந்த பிறகு தீனி எடுக்காமலே மெலிந்து செத்துப்போகும் மீன்கள் ஏராளம். ஐப்டேசியாவுக்காக மட்டும் அந்த மீனை மூன்றடித் தொட்டியில் அடைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடம் குறைவாக இருந்தால் அதைவிட ஃபைல்ஃபிஷ் தேவலை, சின்னது, நன்றாகத் தின்னும், தூங்கும்போது பாசியையோ செடியையோ வாயால் கவ்விக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். சில ஃபைல்ஃபிஷ் ஐப்டேசியா தீர்ந்ததும் பவளத்தைக் கொத்த ஆரம்பிக்கும், அதைக் கவனிக்க வேண்டும். பவளம் இல்லாத மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ரக்கூன் பட்டர்ஃபிளை விட்டாலே போதும்.

எனக்கு வேலையை முடித்துக் கொடுத்தது பெர்கியா. ஓடில்லாத குட்டிக் கடல் நத்தை, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது, அதனால்தான் பவளத்துக்குப் பயமே இல்லை. மஜானோவையும் தொடாது. வீட்டில் வளர்த்து விற்கும் ஒருவரிடமிருந்து வாங்கினேன். அப்புறம் பல நாள் எங்கே போயின என்றே தெரியவில்லை. பகலில் பாறைக்கு அடியில் கிடக்கும், இரவில்தான் வெளியே வரும். ஓர் இரவு சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பெரிய ஐப்டேசியாவைச் சுற்றி மூன்று. அனிமோன் தற்காப்புக்காக வெள்ளை நூல்களைக் கக்கியது, பெர்கியாக்கள் முதுகில் இருக்கும் விரல் மாதிரி நீட்சிகளைச் சிலிர்த்துக்கொண்டு பின்வாங்கின, பிறகு திரும்ப வந்து தண்டைக் கடித்தன. வெளிர் நிறத்தில் இருந்த அந்த விரல்கள் தின்னத் தின்னப் பழுப்பாக மாறும், அனிமோனுக்குள் இருந்த பாசி அங்கே போய்ச் சேர்வதால்தான். கண்ணாடியில் வெள்ளை நூல் சுருள் சுருளாக ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள், அது அவற்றின் முட்டை. குஞ்சுகளும் ஐப்டேசியாவைத்தான் தின்று வளரும், அதனால் பொறுமை இருந்தால் எண்ணிக்கை தானாகவே பெருகும்.

பெர்கியா விடுவதற்கு முன்னால் சிக்ஸ் லைன் ராஸ் மாதிரியான மீன்களைக் கண்டிப்பாக வெளியே எடுத்துவிடுங்கள், ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். பெப்பர்மின்ட் இறாலையும் எடுத்துவிடுவது நல்லது, நான் சம்ப்புக்கு மாற்றினேன். பெர்கியா உள்ளே இழுபடாமல் இருக்கப் பம்பின் வாயில் ஸ்பாஞ்ச் கட்டுங்கள். சம்ப்பையும் ஓவர்ஃப்ளோவையும் மறந்துவிட்டால் மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும் அங்கிருந்து திரும்ப ஏறி வரும். என் சம்ப்பில் அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரின் அடியில் ஒரு கூட்டமே இருந்தது, அதை மட்டும் தனியாகக் கால்க் அடித்து முடித்தேன்.

மஜானோ என்றால் பாறையை வெளியே எடுத்து, அது ஒட்டியிருக்கும் துண்டையே கட்டரால் வெட்டி எறிவதுதான் எனக்குத் தெரிந்து நம்பகமான வழி. தயவுசெய்து ஒன்று: அந்தப் பாறையை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். அதில் ஸோவாவோ அதன் உறவான பாலித்தோவாவோ ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் ஆவியோடு கலந்து வரும், அது உயிரையே எடுக்கும் விஷம். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தொட்டியையும் பவளத்தையும் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த விபரீதம் வேண்டாம்.

இப்போது என் தொட்டியில் ஐப்டேசியா கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் மிச்சமிருக்கும் பெர்கியாக்களுக்கு இனி சாப்பாடு இல்லை, விட்டால் பட்டினியில் செத்துவிடும். சிங்கப்பூரில் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், காசு வேண்டாம், ஒரு டப்பாவும் உங்கள் தொட்டித் தண்ணீர் கொஞ்சமும் எடுத்து வாருங்கள். உங்கள் தொட்டியில் ராஸ் எதுவும் இல்லை என்பதை மட்டும் முன்னாலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.