உதிரா ஆணி, பதிமுனை, மறிப்பு: துப்பாக்கிக் கூட்டின் சிற்றுறுப்புகளுக்கு ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். கேள்வி எளிமையாகத்தான் தொடங்கியது. ஏஆர்-15 வகை ரைபிளின் கீழ்ப்பாதியில் உள்ள 'டேக்டவுன் பின்', 'டிடென்ட்', 'ரீடெய்னர்' ஆகியவற்றுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நண்பர் கேட்டிருந்தார். மறுமொழிகளில் நல்ல சொற்கள் வந்திருக்கின்றன. ஆனால் ஒரே சொல்லை ஒருவர் ஆணிக்குப் போடுகிறார், இன்னொருவர் அந்த ஆணியைப் பிடித்திருக்கும் சின்ன முனைக்குப் போடுகிறார், மூன்றாமவர் அந்த முனைக்குப் பின்னால் அடைத்து நிற்கும் தகட்டுக்குப் போடுகிறார். ஆங்கிலத்திலேயே மூன்றுக்கும் 'ரீடெய்ன்' என்ற வினையைத்தான் புழங்குகிறார்கள். அதனால் வந்த குழப்பம் இது.

நான் அமெரிக்காவில் எந்திரப் பட்டறையில் வேலை பார்ப்பவன். இந்த ரைபிளைக் கழற்றிப் பூட்டிப் பழக்கம் உண்டு. உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

ஏஆர்-15, ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனரின் ஏஆர்-10 வடிவமைப்பிலிருந்து சுருக்கி உருவாக்கப்பட்டது. 1959இல் அதன் உரிமையை கோல்ட் நிறுவனம் வாங்கியது. உடல் இரண்டு அலுமினியக் கூடுகளால் ஆனது. 'ரிசீவர்' என்பதற்கு ஒருவர் 'ஏற்பி' என்று போட்டிருந்தார். அது வானொலிக்கும் தொலைபேசிக்கும் சரி. இங்கே 'கூடு' போதும். மேற்கூடு, கீழ்க்கூடு. குழல் மேற்கூட்டில் இருக்கும். விசையும் அதன் உள்ளுறுப்புகளும் கீழ்க்கூட்டில் இருக்கும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சட்டகத்தை அல்லது கூட்டையே துப்பாக்கி என்று கணக்கில் கொள்கிறது. இந்த ரைபிளில் வரிசை எண் கீழ்க்கூட்டில் பொறிக்கப்படுகிறது. அதனால் கூட்டுக்கு ஒரு தெளிவான சொல் நமக்கு வேண்டும்.

இரண்டு கூடுகளையும் சேர்த்து வைப்பவை இரண்டு உருளை ஆணிகள். இரண்டும் கால் அங்குலக் கனம். முன்னால் இருப்பது கீல் மாதிரி வேலை செய்கிறது. மேற்கூடு அதன்மேல் சுழன்று திறக்கும். பின்னால் இருப்பதை வலப்பக்கமாக இழுத்தால் கூடு பிளக்கும். இந்த அளவுள்ள பொருளை 'ஊசி' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அச்சாணி, கடையாணி, மரையாணி என்று நம்மிடம் வரிசையாகச் சொற்கள் இருக்கும்போது 'ஆணி' என்றால் சுவரில் அடிப்பது மட்டும்தான் என்று ஒதுங்க வேண்டியதில்லை. மாட்டுவண்டியின் கடையாணி சக்கரத்தைக் கழலாமல் நிறுத்துகிற உறுப்புதானே? ஆகவே முன்னாணிக்குக் கீலாணி, பின்னாணிக்கு, அதாவது 'டேக்டவுன் பின்'னுக்கு, கழற்றாணி. இதில் யாருக்கும் பெரிய மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

இனி இடக்கான இடம்.

கழற்றாணியை இழுத்தால் ஓரளவு வெளியே வரும், அப்புறம் நின்றுவிடும். கையோடு வந்து தரையில் விழாது. காரணம், அதன் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். பள்ளத்தின் இரு நுனியிலும் ஒரு சிறு குழி. கூட்டின் பின்முகத்திலிருந்து ஆணித்துளை வரை ஓடும் மெல்லிய துளைக்குள் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு முனை இருக்கிறது. அதன் பின்னால் ஒரு சுருள்வில். வில் தள்ளத் தள்ள முனை அந்தப் பள்ளத்தில் உரசிக்கொண்டே போய், நுனிக்குழி வந்ததும் அதில் பதிகிறது. பதியும்போது விரலுக்கு ஒரு 'டிக்' தெரியும். மீண்டும் அழுத்தி இழுத்தால் இடம் கொடுக்கும். சுருள்வில்லின் பின்நுனி கூட்டுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். தோளில் அணைக்கும் கட்டையைக் குறுக்கி நீட்டும் வகை ரைபிளில் அதை அழுத்தி மூடுவது ஒரு தகடு. அந்தத் தகட்டை இறுக்குவது, கீழ்க்கூட்டின் பின்னால் நீளும் பின்குழாயின் மேல் உள்ள பெரிய நட்டு. நிலைக்கட்டை உள்ள ரைபிளில் கட்டையே வந்து மூடிவிடும்.

ஆக, இங்கே மூன்று வேலைகள் நடக்கின்றன. ஆணி கழன்றாலும் உதிராமல் நிற்கிறது. முனை ('டிடென்ட்') பதிந்து நிறுத்துகிறது. தகடு ('ரீடெய்னர்') அந்த முனையும் வில்லும் வெளியே வராமல் மறிக்கிறது.

> 'கேப்டிவ்' = சிறைப்பட்ட. 'கேப்டிவ் பின்' = சிறைப்பட்ட ஆணி.

ஐயா, சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறைப்பட்டது அசையாது என்ற எண்ணம் வந்துவிடும். இந்த ஆணி நன்றாகவே அசைகிறது, கழல்கிறது. கூட்டை விட்டு விழுவதுதான் இல்லை. நான் முன்வைப்பது 'உதிரா'. உதிரா ஆணி, உதிராத் திருகு, பொதுவாக உதிரா உறுப்பு. கடைக்காரரும் மெக்கானிக்கும் 'உதிரி பாகம்' என்று தினமும் சொல்கிறார்கள். அதன் பக்கத்திலேயே உதிரா உறுப்பு போய் உட்கார்ந்துகொள்ளும், விளக்கம் தேவைப்படாது. மடிக்கணினியின் அடிமூடியில் சில திருகுகள் முழுக்கச் சுற்றி விட்டாலும் மூடியோடேயே தொங்குகின்றனவே, அவையும் உதிராத் திருகுகள்தான்.

இதே ரைபிளில் எதிர்ச்சான்றும் உண்டு. அடியூசியை ('ஃபயரிங் பின்') பிடித்திருக்கும் பிளவுபட்ட சிறு கம்பி எதிலும் கட்டுப்படாதது. உருவினால் கையில் வந்துவிடும்; புல்லில் விழுந்தால் தேட வேண்டியதுதான். அதுவும் வேறொன்றைப் பிடிக்கிறது, ஆனால் தான் உதிர்கிறது. 'ரீடெய்னிங் பின்' என்ற ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு இதையும் கழற்றாணியையும் ஒரே பெட்டியில் போட்டால் கையேட்டைப் படிக்கும் ஆள் ஏமாந்துபோவார்.

> டிடென்ட் = தடுப்பூசி.

இது வேண்டாம். அம்மை, போலியோ என்றுதான் படிப்பவர் மனம் போகும். ஏற்கெனவே நிலைபெற்ற சொல்லோடு மோதுவதில் பயன் இல்லை.

> டிடென்ட் = தாழ். அது போய் விழும் குழி = நாதாங்கி.

இந்த மறுமொழி எனக்கு மிகவும் பிடித்தது, எழுதிய அம்மாவுக்கு நன்றி. நாதாங்கி போன்ற சொல்லை எந்திரவியலுக்குள் கொண்டுவர நினைத்ததே நல்ல காரியம். ஆனால் தாழ்ப்பாளைக் கையால் நீக்கினால்தான் கதவு திறக்கும். கதவை எவ்வளவு தள்ளினாலும் தாழ் தானாக விலகாது. டிடென்ட் அப்படி இல்லை. ஆணியைத் தேவையான அளவு தள்ளினால் முனை பின்வாங்கி வழிவிடும். சீலிங் ஃபேன் ரெகுலேட்டரின் குமிழ் ஒவ்வொரு எண்ணிலும் நிற்பதும் இதே இயல்புதான். தாழ், நாதாங்கி இரண்டையும் உண்மையான பூட்டு உறுப்புகளுக்கு வைத்துக்கொள்வோம்.

டிடென்டுக்கு நான் சொல்வது பதிமுனை. அது பதியும் இடம் பதிகுழி. இந்த ஆணியில் உள்ளது போல நீளமாக வெட்டியிருந்தால் பதிபள்ளம். குண்டு வைத்த வகைகளில் பதிகுண்டு. பட்டறையில் சாக்கெட் ஸ்பேனரின் சதுர முனையில் வெளியே துருத்தும் சிறு குண்டு இருக்கிறதே, அது பதிகுண்டு. பழைய கடலோட்டக் கடிகாரங்களிலும் 'டிடென்ட்' என்று ஒரு உறுப்பு உண்டு. அதன் வேலை வேறு. பல்சக்கரத்தை நிறுத்தி விடுவிப்பது. கடிகாரக் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தனிச்சொல் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று என்பதற்காக நாமும் ஒன்றாக்க வேண்டாம்.

> எல்லாவற்றையும் 'தக்கவைப்பான்' என்று சொன்னால் போதாதா?

போதாது என்பதற்கு வீட்டிலேயே பலர் செய்துகொள்ளும் ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். இந்த இழையில் கேட்ட நண்பரின் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

பின்தகட்டைத் தளர்த்துகிற ஒவ்வொரு முறையும் வில் துள்ளி ஓடிவிடும், அல்லது தகட்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் சிக்கி வளைந்துவிடும். இது இந்த ரைபிள் வைத்திருப்போர் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. அதனால் அந்த மெல்லிய துளையின் வாய்க்குள் மரை ('த்ரெட்') போட்டு, தலையில்லாத ஒரு சிறு மொட்டைத் திருகை உள்ளே இறக்கிவிடுகிறார்கள். துளையின் அளவு 4-40 என்ற மரைக்கு ஏறத்தாழப் பொருந்தி வருவதால் தனியாகத் துளை பெருக்க வேண்டியதில்லை. அங்குலத்துக்கு 40 புரி, வெளிவிட்டம் சுமார் 2.8 மில்லிமீட்டர். துளைக்குள் திருகும் இடம் பிடிப்பதால் வில்லைச் சற்று வெட்டிக் குறைக்க வேண்டும். குறைக்காமல் திருகை இறக்கினால் வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி, முனை பின்வாங்க இடமில்லாமல் ஆணி இறுகிப்போகும். மரையை ஆழமாக ஓட்டினாலும் வம்பு. முனை சறுக்கும் சுவரிலும் புரி விழுந்து அது சிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று புரி பிடித்தால் போதும். அவ்வளவு நுண்ணிய மரைவெட்டி, அதுவும் 7075 என்ற வலுவான அலுமினியக் கலவையில், எண்ணெய் விட்டுக் கால் சுற்று, அரைச் சுற்றாகப் பின்னுக்குத் திருப்பித் திருப்பிப் போனால்தான் உடையாமல் வரும். நான் பார்த்ததில் இதுதான் இந்த வேலையின் முழு நுட்பமும்.

இப்போது கவனியுங்கள். இந்த மாற்றத்தில் கழற்றாணி மாறவில்லை. முன்பும் உதிரா ஆணி, இப்போதும் உதிரா ஆணி. பதிமுனையும் மாறவில்லை. மாறியது மறிப்பது எது என்பது மட்டும். முன்பு தகடு மறித்தது, இப்போது திருகு மறிக்கிறது. எல்லாவற்றுக்கும் 'தக்கவைப்பான்' என்று எழுதினால் 'தக்கவைப்பானின் தக்கவைப்பானை மாற்றினேன்' என்ற மாதிரி வாக்கியம்தான் வரும். மூன்று சொல் இருந்தால், 'பதிமுனைக்கு மறிதகடு வேண்டாதபடி மறிதிருகு போட்டேன்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஆகவே மூன்றாவது வேலைக்கு மறிப்பு என்பதைப் பொதுச்சொல்லாக வைத்து, உறுப்புக்கேற்ப மறிதகடு, மறிதிருகு, மறிவளையம் என்று கட்டிக்கொள்ளலாம். வழி மறிப்பது, ஆட்டை மறிப்பது என்று பேச்சில் உயிரோடு இருக்கும் வினை இது.

'மொட்டைத் திருகு' பற்றி ஒரு சொல். 'தலையில்லாத் திருகு' என்று மாற்றச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். கோவையிலோ அம்பத்தூரிலோ பட்டறையில் 'கிரப் ஸ்குரூ' என்றுதான் சொல்வார்கள், அது நமக்குத் தெரியும். ஆனால் தமிழில் ஒரு சொல் வைப்பதென்றால் மொட்டை மாடி, மொட்டைக் கடிதம் என்று பழகிய வாய்க்கு மொட்டைத் திருகு உடனே ஏறும். அதே போல் 'த்ரெட்' என்பதற்கு 'இழை' என்று யாரோ எழுதியதைத் திருத்த வேண்டும். மரை என்ற சொல் பட்டறையிலும் வீட்டிலும் புழக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு வேறுபாட்டையும் பட்டியலில் சேர்க்க விரும்புகிறேன். ஜெர்மன் மவுசர் 98 ரைபிளில் விசைக்காப்பை ('ட்ரிகர் கார்டு') இறுக்கும் பெரிய திருகுகளின் தலைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு சின்னத் திருகு உண்டு. பெரிய திருகு தானாகச் சுற்றித் தளர்ந்துவிடாமல் அதன் தலையைப் பிடித்து நிற்பதுதான் இதன் வேலை. ஏஆர்-15இல் பின்குழாய் நட்டின் காடியில் தகட்டின் உலோகத்தை உளியால் தட்டிப் பிதுக்கி விடுவதும் இதே நோக்கத்துக்குத்தான். இவை உதிராமல் காப்பதும் இல்லை, பதிந்து வழிவிடுவதும் இல்லை, சுழற்சியைத் தடுக்கின்றன. இதற்குப் பூட்டுத் திருகு, பிதுக்குப் பூட்டு என்று போடலாம். நாதாங்கி அம்மாவின் பூட்டுச் சொற்கள் இங்கேதான் பொருந்தும்.

இந்தியாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் உரிமத்துக்கு உட்பட்ட தொழிலாக வைக்கிறது. மேலே நான் விவரித்தது அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் செய்துகொள்ளும் வேலை. நம் பட்டியலில் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுகிறவர்கள் இடத்தைக் குறிப்பிட்டே எழுதட்டும்.

கடைசியாக, என் சொற்களைச் சோதிக்க ஒரு கடினமான உறுப்பு. கீழ்க்கூட்டின் பின்பகுதியில், தாங்குருளை (பின்னுதைப்பை வாங்கும் 'பஃபர்') முன்னால் பாய்ந்து வராமல் நிறுத்துகிற குட்டையான முளை ஒன்று செங்குத்தாக நிற்கும், அடியில் வில். 'பஃபர் ரீடெய்னர்' என்பது இதுதான். இது தாங்குருளையை மறிக்கிறது. இதுவே மேலே துள்ளிப் போகாமல் பின்குழாயின் உதடு இதை மறிக்கிறது. அதாவது ஒரே உறுப்பு ஒன்றுக்கு மறிப்பு, இன்னொன்றால் உதிரா உறுப்பு. என் கணக்கில் அதன் பெயர் மறிமுளை. 'பின்குழாயின் உதட்டால் உதிராமல் நிற்கும் மறிமுளை' என்று விளக்கக் குறிப்பு எழுதலாம். 'தாங்குருளை' என்பதில் எனக்கே முழு நிறைவு இல்லை. பேரிங்குக்கும் 'தாங்கி' என்று வைத்திருப்பதால் இடிக்கிறது. அதிர்வை வாங்குவது என்ற பொருளில் யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றில் மறுப்பு வந்தால் உறுப்பின் பெயரையும் அது செய்யும் வேலையையும் சேர்த்து எழுதினால் பேச வசதியாக இருக்கும்.

அன்புடன்.