மாதக் கடைசியும் மகளின் காய்ச்சலும்: ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம்.

மதுரையில் 9 ஆண்டுகளாக மருந்து விற்பனைப் பிரதிநிதியாகப் பணியாற்றுகிறேன். காலையில் மருந்துக் கடைகளில் ஆர்டர் எடுத்து, மாலையில் கிளினிக் வாசல்களில் கடைசி நோயாளி வெளியே வரும்வரை பையுடன் காத்திருந்து, இரவு பத்தரைக்கு வீடு திரும்பிய பிறகும் அன்றைய சந்திப்புகளைச் செயலியில் பதிவேற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்கார முடிகிறது. மாதக் கடைசி இன்னும் கொடியது. டார்கெட் எட்டாவிட்டால் ஸ்டாக்கிஸ்டிடம் (மொத்த விநியோகஸ்தரிடம்) கெஞ்சிக் கூடுதல் சரக்கை இறக்க வேண்டும். அது காலாவதியாகித் திரும்பும்போது என் விற்பனைக் கணக்கில்தான் கழிக்கப்படும்.

சென்ற மாதம் 30ஆம் தேதி மகள் காய்ச்சலில் கிடந்த வேளையில், நான் ஒரு குழந்தைநல மருத்துவரிடம் எங்கள் காய்ச்சல் சிரப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம், 11 நாள் பணிக்கு 1 நாள் என்ற கணக்கில் ஈட்டிய விடுப்பை உரிமையாக்கியது. ஆயினும், மாதக் கடைசியில் விடுப்புக் கேட்டால் மேலாளர் விற்பனைத் தாளைத்தான் காட்டுகிறார்.

இத்துறையில் நீண்டகாலம் இருப்பவர்கள், மேலாளருடன் உறவு கெடாமல் அந்த விடுப்பை எப்படிப் பெற்றீர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் வேலை தொடர்பான அழைப்புகளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதைத் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். வேறு துறைக்கு மாறியவர்களின் அனுபவமும் எனக்குத் தேவை.