தில்லிக் குளிரில் அம்மாவின் காலில் தோல் வறண்டு வெடிக்கிறது, என்ன செய்யலாம்?

மயூர் விஹார் வாசகி கேட்கிறார்:
கும்பகோணத்திலிருந்து என் அம்மா டிசம்பர் தொடக்கத்தில் எங்களுடன் தங்க வந்திருக்கிறார். அவருக்கு வயது 69. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வந்த சில நாட்களிலேயே முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்து, வற்றிய குளத்தின் தரையைப் போல மெல்லிய கோடுகளாக வெடித்துவிட்டது. இரவில் படுத்ததும் அரிப்பு தொடங்குகிறது. சொறிந்ததில் இரண்டோர் இடங்களில் புண்ணாகவும் ஆகியிருக்கிறது. கீசரில் ஆவி பறக்கச் சூடேற்றிய நீரில் பயத்தம் மாவு தேய்த்துக் குளிக்கிறார். உடம்பு நன்றாகக் காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்கிறார். அதுவும் புட்டியில் கட்டியாக உறைந்து கிடக்கிறது. மாலையில் ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தால்தான் இதமாக இருக்கிறது என்கிறார். பால்கனிக் கம்பியில் நீர் சொட்டும் அளவுக்கு மூடுபனி இறங்கும் ஊரில் தோல் மட்டும் ஏன் இப்படிக் காய்கிறது? எந்தக் கிரீம் நல்லது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆர்.கே. புரம் வாசி:
மூடுபனியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் மற்றவை அதிலிருந்தே விளங்கிவிடும். குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் தாங்க முடியாது. 5 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 7 கிராம் நீராவியிலேயே நிறைந்துவிடும். 22 டிகிரியில் அதே காற்று ஏறத்தாழ 19 கிராம் வரை தாங்கும். வெளியே ஈரம் நிறைந்து நிற்கும் காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் சூடானதும், அதிலிருக்கும் நீராவி அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக மட்டுமே ஆகிவிடுகிறது. மீதிக்கு அது ஈரத்தைத் தேடும், தோலிலிருந்தும் இழுத்துக்கொள்ளும். ஆகவே ஹீட்டரை அறை கதகதப்பாகும் வரை மட்டும் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். படுக்கையறையில் இரவு முழுவதும் ஓட வேண்டியதில்லை. கனமான ரஜாய், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த தடித்த போர்வை, போதும்.

தோல் மருத்துவர், துவாரகா:
கிரீமின் பெயரைவிடக் குளிக்கும் முறையை மாற்றுவதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே இருக்கும் கொழுப்புதான் உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் காக்கிறது. வயது ஏற ஏற அது குறைகிறது. மிஞ்சியிருப்பதைச் சுடுநீரும் காரத்தன்மையுள்ள சோப்பும் மாவும் கரைத்தும் உரித்தும் எடுத்துவிடுகின்றன. நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், குளியல் ஐந்து, பத்து நிமிடங்களில் முடியட்டும். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதங்களுக்கும் மட்டும் போதும். கைகால்களுக்கு அன்றாடம் தேவையில்லை. பயத்தம் மாவை மார்ச் வரை நிறுத்தி வையுங்கள்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, குளியலறையை விட்டு வெளியே வருமுன் கிரீமைப் பூச வேண்டும். உடம்பு காய்ந்த பிறகு பூசும் எண்ணெய் அவ்வளவாகப் பயன்படாததற்கு, அடைத்து வைக்க அங்கே ஈரமே இல்லை என்பதுதான் காரணம். ஊற்றினால் ஓடும் லோஷனைவிட, டப்பாவில் வரும் கெட்டியான, மணமில்லாத கிரீம் நல்லது. அதில் கிளிசரினோ செராமைடோ இருக்கிறதா என்று பாருங்கள். செலவைக் குறைக்க நினைத்தால், ஈரத் தோலின்மேல் மெல்லியதாகத் தடவிய வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியே நன்கு வேலை செய்யும். யூரியா கலந்த கிரீம் குதிகால் வெடிப்புக்கு ஏற்றது, ஆனால் புண் இருக்கும் இடத்தில் எரியும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் ஹீட்டர் சுடுவது தெரியாமலே தோல் வெந்துபோகலாம். நாள்தோறும் அதன் அருகில் அமர்பவர்களின் காலில் வலை பின்னியதுபோல் செம்பழுப்புத் தழும்பு விழுவதையும் குளிர்காலந்தோறும் பார்க்கிறேன். அடுத்தது, அரிப்பு என்று சொன்னதும் மருந்துக் கடையில் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். அது தோலை மெலியச் செய்யும், படர்தாமரை இருந்தால் அதன் அடையாளத்தையும் மறைத்துவிடும். ஏற்கெனவே உள்ள புண்களை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கரோல் பாக் வாசகர்:
இங்கே பக்கத்து வீட்டார் குளிருக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பதைப் பார்த்து நாங்களும் பழகிவிட்டோம். உடம்புக்குச் சூடாகவும் இருக்கிறது. அம்மாவுக்கும் முயன்று பார்க்கலாமே?

தோல் மருத்துவர், துவாரகா:
வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்லும் அந்தச் சூடு, கடுகெண்ணெயில் உள்ள காரம் தோலை உறுத்துவதால் வருவது. நல்ல தோல் தாங்கிக்கொள்ளலாம், வெடித்த தோல் தாங்காது. தேங்காய் எண்ணெயே இவருக்குப் போதும். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைவது இயல்பு, கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. புட்டியைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும்.

மயூர் விஹார் வாசகி:
உங்கள் அனைவருக்கும் நன்றி. புண்களைக் காட்ட நாளைக்கே அழைத்துச் செல்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலை விட்டுவிட அம்மாவுக்கு மனம் வரவில்லை.

ஆர்.கே. புரம் வாசி:
விட வேண்டியதில்லை அம்மா. நான் இங்கே என் மாமியாருக்குச் செய்வதைச் சொல்கிறேன். வெயில் ஏறிய பிறகு, பதினோரு மணி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சீயக்காய் தலைக்கு மட்டும் இருக்கட்டும், உடம்பில் படிந்த எண்ணெயை வெதுவெதுப்பான நீரால் கழுவினாலே போதும். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடக்க விடாதீர்கள். குளியலறையில் நாற்காலி போட்டு, அங்கேயே எண்ணெய் தேய்த்து, அங்கேயே குளிக்க வைத்து, காலடியில் ரப்பர் விரிப்பும் போட்டுவிடுங்கள்.