அடையாள நீக்கமா, மாற்றடையாளமா?

அக்கா, வணக்கம்.

பினாங்கு நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவத்தில் சூடோனிமைசேஷனை ‘அடையாள நீக்கம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் வேண்டாமே. நீக்கியது திரும்ப வராது, இது வரும். பெயரையும் ஐசி எண்ணையும் (மலேசிய அடையாள அட்டை எண்) எடுத்துவிட்டு ‘பி-0417’ போல ஒரு குறி இடுகிறோம். எந்தக் குறி யாருடையது என்ற பட்டியல் தனியே பூட்டியிருக்கிறது. அதைத் திறந்தால் ஆள் தெரிந்துவிடும். கையெழுத்துப் போடுபவருக்கு இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பெயரை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஐசி எண்ணைப் பார்க்கட்டும். 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம், 07 என்றால் பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். அரிய நோய் உள்ள ஒருவரை புக்கிட் மெர்தாஜாமில் கண்டுபிடிக்க இவ்வளவு போதும்.

ஐசி எண்ணை வெறும் ஹேஷாக (திருப்பிக் கணக்கிட முடியாத குறியீடாக) மாற்றினாலும் காப்பாற்றாது. நூறு ஆண்டில் ஏறத்தாழ 36,500 தேதிகள், இடக்குறிகள் மிஞ்சிப்போனால் 100, கடைசி நான்கு இலக்கங்களுக்கு 10,000. பெருக்கினால் 3,650 கோடி. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று அத்தனைக்கும் சில நிமிடங்களில் ஹேஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிடும். ரகசியச் சாவி சேர்த்து ஹேஷ் செய்யலாம். எண்ணோடு ஒட்டே இல்லாத குறி அதைவிட நல்லது.

‘புனைபெயர்’ எழுத்தாளர் தாமே வைத்துக்கொள்வது, இங்கே ஒட்டாது. ‘மாற்றடையாளம்’ என் பரிந்துரை. ‘அடையாள நீக்கம்’, ஆளைத் திரும்பக் கண்டறியவே முடியாதபடி செய்யும் அனானிமைசேஷனுக்கு இருக்கட்டும்.

*

தம்பி, நீக்கம் பற்றிச் சொன்னது சரி, எடுத்துவிடுகிறேன். ஆனால் ‘மாற்றடையாளம்’ என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குத் தொலைந்த ஐசிக்கு எடுக்கும் மாற்று அட்டைதான் நினைவுக்கு வரும். ‘மறைகுறி’யும் ஆகாது, மறைகுறியாக்கம் ஏற்கெனவே என்கிரிப்ஷனுக்குப் போய்விட்டது. ‘மாற்றுக்குறி’ எப்படி? ‘மாற்றுக்குறி இடு’ என்று வினையும் இயல்பாக வருகிறது.

ஒன்று விட்டுப்போயிற்று: அல்ட்ராசவுண்ட் படங்கள். டைகாம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) கோப்பில் பெயர்ப் புலத்தை அழித்தாலும், படத்தின் மேல்மூலையிலேயே பெயர் எழுத்தாகப் பதிந்திருக்கலாம். அந்தப் பட்டையைத் தனியாகக் கறுப்படிக்க வேண்டும்.

மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டாது. அரசு மருத்துவமனை நோயாளிக்கு நாம் எழுதும் வரி அதனாலேயே தெளிவாக இருக்க வேண்டும். இப்படி மாற்றியிருக்கிறேன், பார்: “உங்கள் பெயரும் ஐசி எண்ணும் எடுக்கப்பட்டு, மாற்றுக்குறி இடப்படும். எந்தக் குறி யாருடையது என்ற பட்டியலை ஆய்வுப் பொறுப்பாளர் பூட்டி வைத்திருப்பார். தேவைப்பட்டால் அதைக் கொண்டு உங்களைக் கண்டறிய முடியும்.”