லோமா விண்ணப்பம்: லீகல் டிஸ்க்ரிப்ஷன் சரியில்லை என்று ஃபீமாவிடமிருந்து கடிதம், எப்படித் திருத்துவது? (ஹாரிஸ் கவுண்டி, டெக்சாஸ்)

பேயூக்கரை:

வணக்கம். எங்கள் நிலத்தின் ஒரு பகுதியை வெள்ள அபாய ஸோனிலிருந்து நீக்கக் கேட்டு ஃபீமாவிடம் (அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு) லோமாவுக்கு (வெள்ள வரைபடத் திருத்தக் கடிதம்) விண்ணப்பித்திருக்கிறோம். ஹாரிஸ் கவுண்டியில் 160 அடிக்கு 210 அடி லாட் (மனை), அதில் தனி வீடு. தென்கிழக்கு மூலை மட்டும் ஓடைப் பக்கம் சரிந்து இறங்குகிறது, மற்றதெல்லாம் மேடு. ஃபர்ம் மேப்பில் (ஃபீமாவின் வெள்ள வரைபடம்) லாட் முழுவதையும் ஏ.இ. ஸோனுக்குள் (வெள்ள அபாயப் பகுதி) காட்டியிருக்கிறார்கள். பி.எஃப்.இ. (அந்த ஸோனுக்குக் கணக்கிட்ட வெள்ள நீர்மட்டம்) 84.3 அடி. வீட்டை ஒட்டிய தரையில் மிகத் தாழ்ந்த புள்ளி 85.1, லாட்டிலேயே மிகத் தாழ்ந்த புள்ளி 81.9. எங்கும் மண் கொட்டி நிரப்பவில்லை.

எம்டி-ஈஸி என்ற லோமா விண்ணப்பப் படிவத்தில் "நிலத்தின் ஒரு பகுதி" என்ற கட்டத்தை டிக் செய்து அனுப்பினோம். கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மூன்று குறைகள்: லீகல் டிஸ்க்ரிப்ஷன் (நிலத்தின் சட்டபூர்வ விவரம்) பதிவான ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை, பிளாட் (மனைப்பிரிவு வரைபடம்) நகலில் பதிவு விவரம் இல்லை, மீட்ஸ் அண்ட் பவுண்ட்ஸ் (திசையும் தூரமுமாக எழுதும் எல்லை விவரம்) மூடவில்லை, அதாவது தொடங்கிய புள்ளிக்கே திரும்பவில்லை.

லீகல் டிஸ்க்ரிப்ஷனுக்குச் சொத்து வரித் தளத்தில் இருந்ததை அப்படியே போட்டோம்: "எல்.டி. 12 பி.எல்.கே. 3", பிறகு சப்டிவிஷன் (மனைப்பிரிவு) பெயரின் சுருக்கம், "எஸ்.இ.சி. 2". எல்லை விவரம், தமிழில் சொன்னால், இது:

"லாட் 12-இன் தென்மேற்கு மூலையில் தொடங்கி, அங்கிருந்து வடக்கு 02°30'00" மேற்கு, 210.00 அடி; அங்கிருந்து வடக்கு 87°30'00" கிழக்கு, 160.00 அடி, அங்கிருந்து தெற்கு 02°30'00" மேற்கு, 150.00 அடி, அங்கிருந்து தெற்கு 66°56'38" மேற்கு, 170.88 அடி, தொடங்கிய இடம் வரை."

எதை எப்படி மாற்றி அனுப்ப வேண்டும்?

தியோடலைட்:

மூன்றாவது வரியைப் பாருங்கள். மேற்கு எல்லையில் வடமேற்காக ஏறியிருக்கிறீர்கள். லாட் செவ்வகம் என்றால், கிழக்கு எல்லையில் இறங்கும்போது அதற்கு நேர் எதிர்த்திசை வர வேண்டும், அதாவது தெற்கு 02°30'00" கிழக்கு. இங்கே "மேற்கு" என்று இருக்கிறது. பார்வைக்குச் சின்ன வித்தியாசம், கணக்கில் அப்படி இல்லை.

எக்செலில் ஒவ்வொரு வரிக்கும் தூரம் × கோசைன், தூரம் × சைன் போட்டுக் கூட்டினால் தெரியும் (கோணத்தை ரேடியனுக்கு மாற்ற மறக்காதீர்கள்). வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல்:

வடக்கு–தெற்கு: +209.80, +6.98, −149.86, −66.92. கூட்டினால் பூஜ்யம்.
கிழக்கு–மேற்கு: −9.16, +159.85, −6.54, −157.23. கூட்டினால் சுமார் −13.1 அடி.

ஒரு அச்சில் சரியாக மூடி, இன்னொன்றில் மட்டும் பிழை இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு வரியில் திசை எழுத்து மாறியிருக்கும். பிழையைப் பாதியாக்கினால் 6.54, மூன்றாவது வரியின் எண் அதுதான். அதை +6.54 ஆக்குங்கள், கிழக்கு–மேற்கும் பூஜ்யம் ஆகிவிடும். பரப்பு 28,800 சதுர அடி, 0.661 ஏக்கர்.

ஆனால் இதை நீங்களே அடித்துத் திருத்தி அனுப்பக் கூடாது. ஒரு பகுதியை மட்டும் நீக்கக் கேட்டால், எல்லை விவரமும் அதற்கான வரைபடமும் லைசென்ஸ் பெற்ற சர்வேயர் அல்லது எஞ்சினியரின் கையெழுத்து, முத்திரையோடு இருக்க வேண்டும். டெக்சாஸில் ஆர்.பி.எல்.எஸ். (பதிவு பெற்ற நிலச் சர்வேயர்) முத்திரை. அவருடைய மூலத் தாளில் "கிழக்கு" என்றே இருக்கிறதா, தட்டச்சு செய்யும்போது மாறியதா என்று முதலில் பாருங்கள். மூலம் சரி என்றால் அந்தத் தாளையே ஸ்கேன் செய்து வையுங்கள், மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். மூலமே தவறு என்றால் புதுத் தேதியோடு திருத்திய பிரதி வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. "பகுதி" எதற்குக் கேட்கிறீர்கள்? கடன் கொடுத்த வங்கி வெள்ளக் காப்பீடு கட்டாயம் என்கிறது, அதிலிருந்து விடுபட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், "கட்டடம்" என்ற கட்டத்தை டிக் செய்தால் போதும். அந்தக் கட்டாயம் ஸோனுக்குள் இருக்கும் கட்டடத்தை வைத்து வருவது. உங்கள் வீட்டுத் தரை 85.1, பி.எஃப்.இ.-ஐ விட 0.8 அடி மேலே. கட்டடத்துக்கு எல்லை விவரமே தேவையில்லை, லாட்–பிளாக் விவரம் போதும். தேவையில்லாமல் "பகுதி" கேட்டு சர்வே செலவும் மாதங்களும் போவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு படிவத்தில் ஒரு கட்டம்தான் டிக் செய்யலாம், அதனால் இதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பத்திரக்கட்டு:

முதல் இரண்டு குறைக்கு நான் சொல்றேன்.

வரித் தளத்துல இருக்கறது வரி போடறதுக்காகச் சுருக்கி வெச்ச வரி. அது லீகல் டிஸ்க்ரிப்ஷன் இல்லை. அங்க இருக்கற கணக்கு எண்ணும் தெரு முகவரியும்கூட அதுக்கு ஈடாகாது. ஃபீமா கடிதம் கொடுக்கும்போது, நீங்க எழுதற விவரத்தை அதுல ஒரு கட்டத்துல அச்சடிச்சுத்தான் தருவாங்க. நாளைக்கு வீடு விக்கும்போது டைட்டில் கம்பெனி அதையும் பத்திரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. அதனால பிளாட்ல இருக்கற முழுப்பெயர் எழுத்து மாறாம வரணும். வரிசை இப்படி:

லாட் 12, பிளாக் 3, சப்டிவிஷனின் முழுப்பெயர், செக்‌ஷன் 2, ஹாரிஸ் கவுண்டி, டெக்சாஸ். ஹாரிஸ் கவுண்டி மேப் ரெக்கார்ட்ஸில் ஃபிலிம் கோட் எண் இன்னதன் கீழ்ப் பதிவான பிளாட்டின்படி.

பழைய பிளாட்டா இருந்தா ஃபிலிம் கோட் (கவுண்டியோட பதிவு எண்) இருக்காது, வால்யூம் எண்ணும் பக்க எண்ணும் இருக்கும். எது இருக்கோ அதைப் போடுங்க. இன்னொண்ணு, இங்க "செக்‌ஷன் 2"ங்கறது சப்டிவிஷனோட கட்டம். அது பெயர்லயே சேர்ந்தது. மற்ற மாநிலங்கள்ல டவுன்ஷிப், ரேஞ்ச்னு வர்ற அரசு சர்வே செக்‌ஷனோட இதைக் குழப்பிக்காதீங்க. படிவத்துல செக்‌ஷனை விட்டுட்டா, அதே பெயர்ல செக்‌ஷன் 1, 3 இருந்து அதுலயும் லாட் 12, பிளாக் 3 இருக்கலாம்.

பிளாட் நகல்: ரியல் எஸ்டேட் ஏஜென்ட் கொடுத்த படம், வீட்டோட வந்த சர்வே ஷீட் எல்லாம் செல்லாது. கவுண்டி கிளார்க் ஆபீஸ்ல பதிவான பிளாட்டோட நகல் வேணும். பதிவு முத்திரையும் எண்ணும் படிக்கற மாதிரி தெரியணும். அமெரிக்க மத்திய அரசு விதி 44 சி.எஃப்.ஆர். 70.3-ல இதைத்தான் கேக்குது. பெரிய தாளைச் சின்னதாக்கிப் பிரிண்ட் எடுக்கும்போது ஓரத்துல இருக்கற அந்த முத்திரைதான் முதல்ல மங்கிப் போகும். முழுத் தாள் ஒண்ணு, முத்திரை இருக்கற மூலையைப் பெருசாக்கி இன்னொரு தாள்னு ரெண்டையும் வையுங்க.

பிளாட் இல்லாத நிலமா இருந்தா பதிவு எண்ணோட பத்திர நகல், கூடவே வரி வரைபடமோ சான்று பெற்ற வேற வரைபடமோ வேணும். அதுல ஃபர்ம் மேப்லயும் தெரியற தெருச் சந்திப்பு ஒண்ணாவது இருக்கணும், இல்லேன்னா நிலம் எங்க இருக்குன்னு அவங்களால மேப்ல பொருத்த முடியாது.

பேயூக்கரை:

இருவருக்கும் நன்றி. "பகுதி" கேட்டதற்குக் காரணம், வடக்கு எல்லைப் பக்கம் தனியாக ஒரு கராஜ் கட்டப் போகிறோம். அதுவும் ஸோனுக்கு வெளியே வர வேண்டும். சர்வேயரின் மூலத் தாளைப் பார்த்துவிட்டேன், அதில் "கிழக்கு" என்றுதான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல். பத்திரத்தில் "லாட் 12-ஏ, பார்ஷியல் ரீப்ளாட்" (மனைப்பிரிவின் ஒரு பகுதியை மாற்றிப் பதிந்த புதிய பிளாட்) என்று இருக்கிறது. நாங்கள் இணைத்தது முதல் பிளாட், அதில் வெறும் லாட் 12. எதை எழுதுவது?

பத்திரக்கட்டு:

ரீப்ளாட்தான். பிந்திப் பதிவானது எதுவோ அதுதான் இப்போ நிக்கற லாட். முதல் குறை வந்ததே இதனாலதான் இருக்கும்: படிவத்துல 12, பத்திரத்துல 12-ஏ. கிளார்க் தளத்துல ரீப்ளாட்டைத் தேடி எடுங்க. அதுக்குத் தனி ஃபிலிம் கோட் இருக்கும். "லாட் 12-ஏ, பிளாக் 3", அப்புறம் ரீப்ளாட்டோட தலைப்புல இருக்கற முழுப்பெயர், அதோட பதிவு எண். பழைய பிளாட்டை இணைக்காதீங்க, ரெண்டு வேற வேற லாட் எண் இருந்தா திரும்பவும் கேள்வி வரும்.

தியோடலைட்:

கராஜ் என்றால் "பகுதி" கேட்டது சரியே. கட்டடத்துக்கு வாங்கும் லோமா அந்தக் கட்டடத்தோடு நிற்கும், பிறகு கட்டுவதற்குச் செல்லாது. தீர்மானம் வருவதற்கு முன் கராஜ் இடத்தில் மண் மட்டும் கொட்டிவிடாதீர்கள். நிரப்பிய மண் என்றால் விவகாரம் எல்.ஓ.எம்.ஆர்.-எஃப். (மண் நிரப்பிய நிலத்துக்கான வரைபடத் திருத்தக் கடிதம்) ஆகிவிடும்: எம்டி-1 படிவங்கள், உள்ளூர் நிர்வாகத்தின் ஒப்புதல் கையெழுத்து, கட்டணம். லோமாவுக்குக் கட்டணமே இல்லை.

ரீப்ளாட் விஷயம் எல்லை விவரத்தையும் தொடுகிறது. ரீப்ளாட்டில் பக்கத்து லாட்டுடனான பொது எல்லை நகர்ந்திருந்தால், லாட் 12-இன் தென்மேற்கு மூலையும் லாட் 12-ஏ-வின் தென்மேற்கு மூலையும் வேறு வேறு புள்ளிகள். உங்கள் விவரம் கணக்கில் மூடும், ஆனால் தரையில் தவறான இடத்தில் உட்காரும். மூலைக் கம்பி எந்த லாட்டின் மூலை என்று சர்வேயரிடம் உறுதி செய்து, தொடக்க வரியை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: "லாட் 12-ஏ-வின் தென்மேற்கு மூலையிலுள்ள இரும்புக் கம்பியில் தொடங்கி". ஆக, மூலத் தாளில் "கிழக்கு" சரியாக இருந்தாலும் திருத்திய பிரதி வாங்கத்தான் வேண்டும். நம்மூர்ப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவதுபோல "தெற்கே ஓடை, கிழக்கே இன்னார் நிலம்" என்பது இங்கே போதாது. ஒவ்வொரு வரிக்கும் திசைக்கோணமும் தூரமும் வேண்டும், கடைசி வரிக்கும் சேர்த்துத்தான்.

இனி அந்த 170.88 அடி சாய்கோடு. உங்கள் விண்ணப்பத்தின் உயிர் அதில்தான். நீக்கும் பகுதிக்குள் மிகத் தாழ்ந்த புள்ளி 84.3-க்குக் குறையக் கூடாது, எல்லைக் கோடும் அதில் அடக்கம். இரு முனைகளில் மட்டும் மட்டம் எடுத்தால் போதாது, நடுவில் ஒரு சிறு பள்ளம் 84.1 இருந்தால் முழுப் பகுதியும் விழும். சரிவு மாறும் ஒவ்வொரு இடத்திலும் மட்டம் எடுத்து வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். எங்காவது உரசினால் கோட்டை உள்ளே தள்ளுவதுதான் நல்லது. இரண்டு மூன்று அடி நிலம் ஸோனில் மிச்சமாவதால் கராஜுக்கு ஒன்றும் ஆகாது.

படிவத்தில் எழுத வேண்டிய உயரமும் அந்தப் பகுதியின் மிகத் தாழ்ந்த புள்ளியே. 81.9 என்று முழு லாட்டின் எண்ணை எழுதிவிட்டால், எல்லை விவரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை. மட்டங்கள் ஃபர்ம் மேப்பின் டேட்டத்திலேயே (உயரங்களை அளக்கும் அடிப்படை) இருக்க வேண்டும். ஹாரிஸ் கவுண்டியில் அது என்.ஏ.வி.டி. 88, 2001 அட்ஜஸ்ட்மென்ட் (2001-இல் சரிசெய்த மட்டங்கள்). நிலம் தாழ்ந்துகொண்டே இருக்கும் ஊர் என்பதால் அட்ஜஸ்ட்மென்ட் ஆண்டையும் சர்வேயர் குறிப்பிடட்டும்.

குல்-டி-சாக்:

குறுக்கே கேட்கிறேன், எங்கள் லாட்டின் முன்பக்கம் வளைவு. அதை எப்படி எழுதுவது?

தியோடலைட்:

"வளைவை ஒட்டி 78.54 அடி" என்று மட்டும் எழுதினால் எந்தப் பக்கம், எவ்வளவு வளைவு என்று வரைய முடியாது. இடப்பக்க வளைவா வலப்பக்கமா, ஆரம், மையக் கோணம், வில் நீளம், நாணின் திசையும் நீளமும்: எல்லாம் வேண்டும். சரிபார்க்கச் சுலபம். ஆரம் 50.00, கோணம் 90° என்றால் வில் 78.54, நாண் 70.71. மூடுகிறதா என்று பார்க்கும் கணக்கில் போட வேண்டியது நாணைத்தான். வில்லைப் போட்டுவிட்டு "மூடவில்லை" என்று தேடுபவர்கள் நிறைய.

பழைய டெக்சாஸ் பத்திரத்தில் தூரம் "வாரா" கணக்கில் இருந்தால், ஒரு வாரா 33⅓ அங்குலம். 100 வாரா 277.78 அடி. அடிக்கு மாற்றிய விவரத்தைச் சர்வேயரே எழுதித் தரட்டும்.

பேயூக்கரை:

புரிந்தது. புதிதாக விண்ணப்பிப்பதா, கடிதத்துக்குப் பதிலாக அனுப்புவதா?

பத்திரக்கட்டு:

பதிலாத்தான். கடிதத் தேதியிலிருந்து 90 நாள் இருக்கு, தாண்டினா ஃபைலை மூடிடுவாங்க. ஆன்லைன்ல போட்டிருந்தா அதே விண்ணப்பத்துல ஏத்துங்க. உங்க கேஸ் எண் ஆண்டு–06–நாலு இலக்கம்–ஏ மாதிரி இருக்கும் (06ங்கறது டெக்சாஸ் அடங்கின ரீஜன்). அதை ஒவ்வொரு தாள் மேலயும் எழுதுங்க. திருத்தின படிவம், ரீப்ளாட் நகல், முத்திரையோட எல்லை விவரம், அதே எண்கள் இருக்கற வரைபடம், ஃபர்ம்மெட்ல (ஃபர்ம் மேப்ல நம்ம பகுதியோட நகல்) நிலத்தைக் குறிச்ச தாள். அனுப்பறதுக்கு முன்னாடி "லாட் 12-ஏ"ங்கறது எல்லாத் தாள்லயும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, வரைபடத்தோட தலைப்புக் கட்டத்துலயும் சேர்த்து. அங்கதான் பழைய எண் ஒட்டிக்கிட்டு நிக்கும். எல்லாம் அவங்க கைக்குப் போய்ச் சேர்ந்ததும் வழக்கமா 60 நாளுக்குள்ள முடிவு வரும்.