ரோபோட்டிக்ஸ் கிளப்: ஒருத்தன் செய்றான், அஞ்சு பேர் வேடிக்கை, என்ன பண்ண?

கணக்கு டீச்சர்
எல்லாருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளியில கணக்கு எடுக்குறேன், இந்த வருஷம் ரோபோட்டிக்ஸ் கிளப்ப எச்.எம். என் தலையில கட்டிட்டாங்க. 8, 9 வகுப்பு பிள்ளைங்க 24 பேரு, ஆர்டுயினோ கிட் (புரோகிராம் போடுற சின்ன போர்டு, மோட்டார், சென்சார் சேந்தது) நாலு, லேப்டாப் ரெண்டு, வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியடு. ஆறு ஆறு பேரா பிரிச்சு விட்டேன். மூணு வாரமாச்சு, ஒவ்வொரு குரூப்லயும் ஒரு பையன் அந்தக் கிட்டையே மடியில வச்சுக்கிட்டு எல்லாத்தையும் அவனே மாட்டுறான், மத்தவங்க சுத்தி நின்னு பாக்குறாங்க, ரெண்டு பொண்ணுங்க சார்ட்ல கிளப் பேர எழுதி ஓரத்துல பூ வரைஞ்சிட்டு இருக்கு. சேந்து வேலை செய்யப் பழகணும்னுதான் கிளப்பே ஆரம்பிச்சது. வாரா வாரம் வேலைய மாத்திக் குடுத்தா சரியாகுமா?

சால்டரிங்காரன்
டீச்சர் முதல்ல ஆறு பேருங்கிறதே ஜாஸ்தி. ரெண்டு மோட்டார் வண்டிக்கு ஆறு பேருக்கு எங்க வேலை இருக்கு? வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட் போட்டியிலயே ஒரு டீமுக்கு ரெண்டு மூணு பேர்தான். 12 பேர் கிட்ல இருக்கட்டும், மிச்ச 12 பேரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்துல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி லைன் ஃபாலோயருக்கு (தரையில இருக்கிற கோட்டப் பாத்து ஓடுற வண்டி) டிராக் போடட்டும், அடுத்த வாரம் மாத்திக்கலாம்.
இன்னொண்ணு, மோட்டாருக்கு அந்த சதுர 9 வோல்ட் பேட்டரிய மாட்டி வச்சிருந்தா இன்னைக்கே கழட்டிருங்க. அதுல கரண்ட் பத்தாது, மோட்டார் சுத்த ஆரம்பிச்சதும் வோல்டேஜ் இறங்கி ஆர்டுயினோ ரீசெட் ஆகும். அது தெரியாம வயரிங் பண்ணவன் புரோகிராம் எழுதுனவன திட்டுவான், அவன் இவன திட்டுவான். பாதி டீம் சண்டை பேட்டரி சண்டைதான் :) 18650 செல் (சார்ஜ் பண்ற லித்தியம் செல்) ரெண்ட சீரியஸ்ல போடுங்க, மோட்டார ஓட்டுற எல்298என் டிரைவர் போர்டு ரெண்டு வோல்ட் கிட்ட முழுங்குனாலும் கிட்ல வர்ற மஞ்ச மோட்டாருக்குத் தாராளம்.

தேனி அக்கா
நான் ஒரு பள்ளியில அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு திட்டத்துல பிள்ளைங்க செஞ்சு பழகுற லேப்) ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டேன். வேலைய மாத்திக் குடுத்தா மட்டும் ஒண்ணும் ஆகாதும்மா, நானும் போட்டுப் பாத்தேன், தெரிஞ்ச பையன் பின்னாடி நின்னு "தள்ளு தள்ளு"ன்னு திரும்ப மௌஸப் பிடுங்கிக்குவான். அப்புறம் ஒரே ஒரு சட்டம் போட்டேன்: தெரிஞ்சவன் வாயாலதான் சொல்லணும், கை கட்டிக்கணும், தெரியாத பிள்ளைதான் தொடணும். முதல் நாள் கத்துனானுங்க. மூணாவது வாரம் "அந்த செவப்பு வயரு"ங்கிறது போயி "வலது மோட்டாரோட ரெண்டாவது வயரு"ன்னு ஒழுங்கா சொல்ல வந்துச்சு.
கடைசி பத்து நிமிஷம் நோட்டு. என்ன மாட்டுனோம், எது ஓடல, அவ்ளோதான். அடுத்த வாரம் ஒரு குரூப் வண்டிய அடுத்த குரூப்புக்கு மாத்தி விடுவேன், நோட்டப் படிச்சுத்தான் அவங்க தொடரணும். எழுதாத குரூப்புக்கு அன்னைக்கு நல்லா கிடைக்கும்.
சார்ட் பொண்ணுங்கள விட்றாதீங்க. எங்ககிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. லைன் ஃபாலோயர் ஒரே வளைவுல தடம் மாறி ஓடுது, பசங்க ரெண்டு வாரம் புரோகிராம மாத்திக்கிட்டே இருக்கானுங்க. இந்தப் புள்ள, "சார் வரும்போது ஜன்னல் சாத்தியிருந்துச்சு, அப்ப ஓடுச்சு"ன்னு மெதுவா சொல்லிச்சு. சாயங்கால வெயில் தரையில விழுந்து கோட்டப் பாக்குற ஐஆர் (அகச்சிவப்பு) சென்சாரக் குழப்பிருக்கு. அது தன் சார்ட்டையே மறைப்பாப் பிடிச்சுது, வண்டி ஓடுச்சு.

வாத்தியார்_2.0
அக்கா சொல்றது சரி. எஃப்.எல்.எல். (ஃபர்ஸ்ட் லெகோ லீக்) ரோபோ போட்டியிலயும் இப்படித்தான், ஆட்டம் ரெண்டரை நிமிஷம், மேசைகிட்ட ஒரே நேரத்துல டீம்ல சில பேர்தான் நிக்கலாம், ஆனா நடுவுல ஆள் மாறலாம், சேந்து வேலை செஞ்ச விதத்துக்கு நடுவருங்க தனியா மார்க்கு போடுவாங்க. ஆனா டீச்சர், உண்மையிலேயே வரையப் பிடிச்ச புள்ளைய புடிச்சு வயர் மாட்ட வைக்காதீங்க, சர்க்யூட் படம் வரையச் சொல்லுங்க.

கணக்கு டீச்சர்
ரொம்ப நன்றி, 9 வோல்ட்தான் மாட்டிருக்கோம், ரீசெட்டும் ஆவுது 😅 18650 பிள்ளைங்க கையில குடுக்கலாமா?

சால்டரிங்காரன்
ஹோல்டர்ல போட்டு சுவிட்சோட குடுங்க, சார்ஜரும் உதிரி செல்லும் உங்க பீரோவுல இருக்கட்டும். பிளஸ் மைனஸ் ஷார்ட் ஆனா சூடாயிரும், அத மட்டும் முதல் நாளே சொல்லிருங்க.

கணக்கு டீச்சர்
சரிங்க சார். அக்கா, எங்க லேப் ஜன்னலும் மேற்கு பாத்ததுதான், வெள்ளிக்கிழமை முதல் வேலை ஸ்கிரீன் மாட்டுறது.